அஞ்சு ஜி வருது

திருத்தணியில் யாருக்கு வழி சொன்னாலும் மலையை வைத்துத்தான் சொல்ல வேண்டும். மலைக்கு முன்னால் என்றால் பஸ் ஸ்டாண்டு, ஸ்டேஷன், கடைத்தெரு எல்லாம் அதில் வந்துவிடும். மலைக்குப் பின்னால் என்றால் ஓடைக்கரைத் தெரு. அந்தத் தெருவில் நல்ல காற்று உண்டு, தண்ணீர் உண்டு, நின்று சண்டை போட அகலமான ரோடும் உண்டு. போனில் சிக்னல் மட்டும் கிடையாது. ஊருக்குள் இருக்கிற டவர்களுக்கும் தெருவுக்கும் நடுவில் மலை உட்கார்ந்திருக்கிறது. மலையை நகர்த்தச் சொல்லி யாரிடம் மனு கொடுப்பது?

ஊர் முழுக்க சிம் கார்டு விற்கிற பிரபுதாஸ் குடியிருப்பதும் இதே தெருவில்தான். இதை அவரிடம் வாடிக்கையாளர் யாரும் கேட்டதில்லை, அவராகவும் சொன்னதில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்பெனி கொடுத்த பெரிய குடை, ஒரு மடக்கு மேஜை, இரண்டு ஸ்டூல். பிரபுதாஸின் ஆபீஸ் இவ்வளவுதான். மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்.டி.டி. பூத்தில் பில் கிழித்துக் கொடுக்கிற வேலையில் ஆரம்பித்தவர் அவர். பூத்தை மூடினார்கள், சுரண்டுகிற ரீசார்ஜ் கார்டுக்கு மாறினார். சுரண்டுகிற கார்டும் போயிற்று, சிம்முக்கு மாறினார். ஒவ்வொரு தடவையும் கூட இருந்தவர்கள் தொழிலை விட்டு ஷேர் ஆட்டோ, டிபன் கடை என்று ஒதுங்கிவிட்டார்கள். பிரபுதாஸ் மட்டும் "அடுத்தது வரும்" என்று அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு தடவையும் அடுத்தது வரவும் வந்தது. அதிலிருந்து, வரும் என்று எவன் எதைச் சொன்னாலும் நம்புகிற வியாதி அவரைப் பிடித்துக்கொண்டது. நம்பினால் பரவாயில்லை. அதை இன்னும் கொஞ்சம் ஏற்றி மற்றவர்களுக்கும் சொல்லுவார்.

இந்த முறை வரவேண்டியது ஃபைவ் ஜி. ஆனால் அந்தப் பெயரை அவரால் விற்க முடியவில்லை. கேட்டவர்களில் பாதிப் பேர் அதை வைஃபை என்று எடுத்துக்கொண்டு, "அதான் ஸ்டேஷன்ல சும்மா குடுக்குறானே, அதுக்கு இன்னாத்துக்குக் காசு" என்று நடையைக் கட்டினார்கள். பிரபுதாஸ் யோசித்துப் பார்த்து தமிழுக்கு மாறினார். "ரெண்டு ஜி போச்சு, மூணு ஜி போச்சு, நாலு ஜியும் பழசாயிடுச்சு. இப்ப அஞ்சு ஜி." இது எல்லாருக்கும் புரிந்தது. ஓடைக்கரைத் தெருவில் இன்றைக்கு ஃபைவ் ஜி என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அஞ்சு ஜி என்றால்தான் தெரியும்.

உலகம் முழுக்க அஞ்சு ஜிக்கு மாறியவர்கள் இருநூறு கோடியைத் தாண்டிவிட்டார்கள் என்று ஒருநாள் பேப்பரில் வந்தது. பிரபுதாஸ் அதை வெட்டிக் குடைக் கம்பியில் ஒட்டிவிட்டார். அந்த இருநூறு கோடியில் ஒவ்வொருவருக்கும் தன் கையால் சிம் போட்டுக் கொடுத்தவர் மாதிரி பேச ஆரம்பித்தார்.

"சீனாக்காரன் மாறிட்டான், கொரியாக்காரன் மாறிட்டான், ஆப்பிரிக்காவுலயே மாறிகினு இருக்கான். நம்ம ஓடைக்கரைத் தெரு இன்னா பாவம் பண்ணிச்சு? வந்துகினே இருக்குது. இப்பவே மாறி வெச்சிக்குங்க, வந்ததும் கப்புனு புடிச்சிக்கும்."

தெரு அவரை நம்பியது. ஏறக்குறைய எல்லா வீட்டிலும் அஞ்சு ஜி போன் வாங்கினார்கள், அஞ்சு ஜி பிளான் போட்டார்கள். அந்தப் போனில் டார்ச் அடித்தார்கள், போட்டோ எடுத்தார்கள், மணி பார்த்தார்கள். பேச வேண்டும் என்றால் தெருக்கோடியில் இருக்கிற ஓடைப் பாலத்துக்குப் போனார்கள். சாயங்காலமானால் பாலத்தின் இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று கத்திக்கொண்டிருப்பார்கள். யார் வீட்டில் என்ன சண்டை, யார் மாமனாருக்கு என்ன ஆபரேஷன் என்பது பாலத்துக்குப் போய்வந்த எல்லாருக்கும் தெரியும். பிரபுதாஸ் வீட்டில் மட்டும் ஒரு சலுகை இருந்தது. சமையல்கட்டு ஜன்னலில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டால், மலையைச் சுற்றி வருகிற ஏதோ ஒரு சிக்னல் பாதிப் பேச்சைக் கொண்டுவந்து சேர்க்கும். மீதிப் பாதியை நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இது இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பிளெஸ்ஸிக்கு வரன் வந்தபோதுதான் சங்கடம் பிறந்தது.

பிளெஸ்ஸி ஒரே மகள். ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மாப்பிள்ளை ஜெபசீலன் அரக்கோணத்துக்காரன், ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கம்பெனி இருப்பது புனேயில். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், இல்லையென்றால் புனேக்கு வந்துவிட வேண்டும், மாதக் கடைசிக்குள் இரண்டில் ஒன்றைச் சொல் என்று கம்பெனி கேட்டிருந்தது. அரக்கோணத்து வீட்டில் அண்ணன் குடும்பமே நிறைந்திருந்தது. அதனால் கல்யாணத்துக்குப் பிறகு பெண் வீட்டு மாடியிலேயே இருந்து வேலை பார்க்கட்டும் என்று பேச்சு வந்தது. தேவசுந்தரிக்கு அன்றிரவே மாடிக்கு என்ன கலர் பெயிண்ட் என்கிற வரைக்கும் யோசனை ஓடிவிட்டது. பிரபுதாஸுக்கு அவ்வளவு வெளியே தெரியவில்லையே தவிர, மகள் புனேக்குப் போய்விடுவாளோ என்று நினைத்தாலே சோறு இறங்காது.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு ஜெபசீலன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"வேற ஒண்ணும் வேணாம் மாமா. இங்க நெட்டு மட்டும் நல்லா இருக்கணும்."

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மூடவில்லை.

"நெட்டா? அஞ்சு ஜியே வந்துகினு இருக்குது மாப்ள. உங்க புனேவுல இருக்குறதைவிட ஸ்பீடா இருக்கும்."

ஜெபசீலனின் அம்மா கிளாடிஸ், அரக்கோணம் ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து ரிடையர் ஆனவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மூஞ்சியைப் பார்த்தே சில்லறை வைத்திருக்கிறாரா இல்லையா என்று சொல்லிவிடுவார். அவர் பிரபுதாஸைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்போ அது வரட்டுங்க பிரதர். வந்ததும் தேதி குறிச்சிக்கலாம்" என்றார்.

நெட் என்று கேட்டதை அஞ்சு ஜி ஆக்கியது பிரபுதாஸ். இனி அஞ்சு ஜி வந்தால் பிளெஸ்ஸி மாடியில் இருப்பாள், வராவிட்டால் புனேயில் இருப்பாள். அன்று முதல் மனிதர் ஜெபத்தில் தினமும் ஒரு டவரையும் சேர்த்துக்கொண்டார். தேவசுந்தரி பக்கத்திலேயே முட்டி போட்டிருந்தாலும் அந்த இடத்தில் மட்டும் ஆமென் சொல்லாமல் விட்டுவிடுவாள்.

கம்பெனியிலிருந்து குடைகளை மேற்பார்வை பார்க்க ஒரு பையன் வருவான். பெயர் விகாஸ், வடக்கே எங்கேயோ ஊர். வந்து ஒரு வருஷத்தில் தமிழ் பேசக் கற்றுக்கொண்டுவிட்டான். நல்ல பிள்ளை. ஆனால் மனிதர், மாடு, மோட்டார் எல்லாம் அவன் தமிழில் ஒன்றுதான். "எங்க அப்பா நேத்து போன் பண்ணுச்சு", "மேனேஜர் கோவமா இருக்குது" என்பான். பிரபுதாஸ் திருத்தப் பார்த்துக் கைவிட்டுவிட்டார்.

அந்த விகாஸ் ஒரு காலை நேரத்தில், சமையல்கட்டு ஜன்னலில் வைத்திருந்த போனுக்குக் கூப்பிட்டான். பிரபுதாஸ் ஓடிப்போய் ஜன்னலில் நெற்றியை வைத்தார்.

"அண்ணா, வெள்ளிக்கிழமை அஞ்சு ஜி வருது."

பிரபுதாஸ் நெற்றியை இன்னும் அழுத்தினார். "எங்க வருது?"

"உங்க தெருவுக்குத்தான் அண்ணா. நேர்ல பாக்கணும்னு சொல்லுது. முதல்ல மலை மேல போகும். அப்புறம் கீழ, உங்க தெரு. ஒரு மணி நேரம் இருக்கும். அங்கிருந்து திருப்பதி போகுது."

ஒவ்வொரு வார்த்தையும் பிரபுதாஸுக்குப் பளிச்சென்று புரிந்தது. முதலில் மலை உச்சியில் கருவியை வைப்பார்கள். அங்கிருந்து தெருவுக்கு இறக்குவார்கள். ஒரு மணி நேரம் டெஸ்டிங். பிறகு லைன் ஆந்திரா பக்கம் போகும். இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

"நான் இன்னா பண்ணணும் சொல்லு."

"தெரு கிளீனா இருக்கட்டும் அண்ணா. கஸ்டமர் கொஞ்சம் பேர் இருக்கட்டும். அப்புறம் முக்கியம், கர..." என்று ஏதோ இழுத்து மலையில் முட்டிக்கொண்டு, "...ஜாஸ்தி ஒத்துக்காது" என்று வந்து விழுந்தது. லைன் போய்விட்டது.

"கரண்டு ஜாஸ்தி ஒத்துக்காதாம்" என்றார் பிரபுதாஸ், நெற்றியில் கம்பித் தடத்தோடு திரும்பி.

"எதுக்கு?" என்றாள் தேவசுந்தரி.

"அஞ்சு ஜிக்கு. வெள்ளிக்கிழமை வருது. நேரா நம்ம தெருவுக்கு."

தேவசுந்தரி அவரை நம்புவதை நிறுத்தி வெகுநாளாகியிருந்தது. ஆனால் தேதியும் கிழமையும் சொல்லி அவர் எதையும் சொன்னதில்லை என்பதால் இந்தத் தடவை கரண்டியைக் கீழே வைத்தாள். பிளெஸ்ஸி மட்டும், "நைனா, அந்த விகாஸுகிட்ட இன்னொரு தடவை கேட்டுடேன்" என்றாள்.

"இதுல கேக்குறதுக்கு இன்னா இருக்குது" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதல் வேலையாகப் பாலத்துக்குப் போய் அரக்கோணத்துக்குப் போன் போட்டார். வெள்ளிக்கிழமை காலையில் வந்து கண்ணால் பாருங்கள் சிஸ்டர் என்று கிளாடிஸ் அம்மாளையும் மாப்பிள்ளையையும் அழைத்துவிட்டார். அடுத்ததாக வீடு வீடாகப் போய், வெள்ளிக்கிழமை காலையில் யாரும் மோட்டார் போடக்கூடாது, கிரைண்டர் போடக்கூடாது, வோல்டேஜ் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று சொல்லிவைத்தார். தெருவே மாவை முந்தின நாளே ஆட்டி வைத்துக்கொண்டது.

பிறகு ஃப்ளெக்ஸ் கடை பஞ்சாட்சரத்திடம் போனார். கல்யாணம், காதுகுத்து, கட்சி விழா என்று ஊரில் தொங்குகிற பேனரெல்லாம் பஞ்சாட்சரத்தின் கைவேலைதான். பெரும்பாலும் பழைய பேனரில் பெயரை மட்டும் மாற்றுவார்.

"இன்னா எழுதணும்?"

"எங்கள் தெருவுக்கு வரும் அஞ்சு ஜியே வருக."

பஞ்சாட்சரம் தட்டி முடித்துத் திரையைத் திருப்பிக் காட்டினார். 'எங்கள் பகுதிக்கு வருகை தரும் அஞ்சு ஜி அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்' என்று இருந்தது. ஒரு மூலையில் கைகூப்பிய பிரபுதாஸ். நடுவில் பெரிய வட்டம், அதற்குள் தாமரைப்பூ.

"அவர்களை எதுக்குப்பா? அது இன்னா ஆளா?"

"அது மாமூலா வர்றதுண்ணே. எடுத்தா அந்த எடம் காலியா தெரியும்."

பிரபுதாஸ் காலியாகத் தெரிவதை விரும்பவில்லை. இருக்கட்டும் என்றார். போகிற போக்கில் ஆர்.கே.பேட்டையிலிருந்து சின்னதாக ஒரு பேண்டு செட்டும் பேசிவிட்டார். தேவசுந்தரி அதைக் கேட்டபோது, "வர்றது சிக்னலு, அதுக்கு மேளம் கேக்குமா" என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. தெருவில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. எல்லாரும் அவரவர் அஞ்சு ஜி போனைத் துடைத்து சார்ஜ் ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் கிளாடிஸ் அம்மாள், கைப்பையை மடியில் வைத்து, பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜெபசீலன். பின்னால் கதவோரம் பிளெஸ்ஸி. எதிரே தன் டூவீலர் ஒர்க்‌ஷாப் வாசலில் மெக்கானிக் ஜமீல் அகமது கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். பேண்டு செட்டுக்கு ஒரே ஒரு உத்தரவுதான்: வந்ததும் அடி.

வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து விகாஸ் குதித்து இறங்கிப் பின்கதவைத் திறந்தான். நெற்றி நிறைய விபூதி, கையில் பிரசாதப் பொட்டலம், காட்டன் புடவைக்குக் கீழே ஓட்டப்பந்தய ஷூ என்று ஐம்பது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒரு அம்மாள் இறங்கினார்.

பிரபுதாஸ் அவருக்கு அவசரமாக ஒரு வணக்கம் வைத்துவிட்டு, அவரைத் தாண்டி எட்டிக் காருக்குள் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை. டிக்கியைப் பார்த்தார்.

"எங்கப்பா அஞ்சு ஜி?"

"இதுதான் அண்ணா" என்றான் விகாஸ், அந்த அம்மாளைக் காட்டி.

"எது?"

"இதுதான் அஞ்சு ஜி. மெட்ராஸ் ஆபீஸ்ல பெரிய மேனேஜர்."

எதிர்ப்பக்கம் ஜமீல் அகமது அப்படியே ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்குவதை வைத்துத்தான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. எழுந்து வந்து பிரபுதாஸின் காதில் சொன்னார்.

"பிரபு, அந்தம்மா பேரு அஞ்சு. இந்தியில ஜின்னா நம்ம 'ங்க' மாதிரி. மரியாதைக்குச் சொல்றது."

"நீ முன்னாடியே சொல்றதுக்கு இன்னா பாய்?"

"நீ டவருன்னுதானே தெரு முழுக்கச் சொல்லிகினு இருந்த. அதுக்குப் பேரு வெச்சிருப்பாங்கன்னு நான் இன்னாத்தைக் கண்டேன்?"

இதற்குள் பேண்டு செட்டுக்காரர்கள், கார் வந்துவிட்டதால், உத்தரவுப்படி அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கயல்விழி என்கிற எதிர்வீட்டுப் பெண் எதற்காக என்று தெரியாமலே ஆரத்தித் தட்டை எடுத்து வந்து சுற்றிவிட்டாள். மாலை பிரபுதாஸின் கையில் இருந்தது. சிக்னலுக்கு மாலையை எங்கே போடுவது என்று நேற்றிலிருந்து அவருக்குள் இருந்த குழப்பம் தீர்ந்துபோயிற்று. போட்டார்.

அஞ்சு ஜி திகைத்து நின்றார். பேனரைக் காட்டி ஏதோ கேட்டார். விகாஸ் எழுத்துக் கூட்டித் தமிழில் படித்து, இந்தியில் சொன்னான். "அஞ்சு ஜி அவர்களை" என்ற இடத்தில் அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் ஊர் ஊராகப் போய் ஆட்களை விரட்டுகிற உத்தியோகம். நான் வருவது தெரிந்தால் குடையை மடக்கிக்கொண்டு ஓடுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன், என் பெயரைப் போட்டு வரவேற்ற முதல் ஊர் இதுதான் என்று சொன்னார். ஜமீல் பாய் அதைத் தமிழில் சொன்னதும் கூட்டத்தில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சிக்னல் வரவில்லை என்பது அவர்களுக்கு இன்னும் உறைக்கவில்லை.

தேவசுந்தரி மிளகாய் பஜ்ஜித் தட்டோடு வந்தாள். அஞ்சு ஜி ஒன்றை எடுத்துக் கடித்தார். முகம் சிவந்து, இரும ஆரம்பித்தார்.

"அண்ணா, காரம் ஜாஸ்தி ஒத்துக்காதுன்னு போன்ல சொன்னேனே" என்றான் விகாஸ்.

பிரபுதாஸ் மெதுவாகத் தெருவைத் திரும்பிப் பார்த்தார். காலையிலிருந்து குளிக்கத் தண்ணீர் ஏற்றாமல் நிற்கிற முகங்கள். அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம் என்று முடிவு செய்தார்.

தண்ணீர் குடித்துச் சமாதானமான பிறகு அஞ்சு ஜி தன் டேப்லெட்டைத் திறந்து ஒரு மேப்பைக் காட்டினார். திருத்தணி முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தது. மலைக்குப் பின்னால் ஒரு இடம் மட்டும் அடர்பச்சையாக இருந்தது. அது ஓடைக்கரைத் தெரு. இத்தனை சின்ன இடத்தில் இத்தனை பேர் எப்படி மாறினார்கள், அந்தக் குடைக்காரரை நேரில் பார்க்க வேண்டும் என்றுதான் அவர் வந்ததே. உலகத்தில் எத்தனையோ பெரிய ஊர்கள் பாதிகூட மாறாமல் இருக்கின்றன, உங்கள் தெருவில் வேலை முடிந்துவிட்டது என்றார்.

"முடிஞ்சிபோச்சின்னா?" என்று கேட்டார் பிரபுதாஸ்.

விகாஸ் விளக்கினான். அஞ்சு ஜி போனும் பிளானும் வைத்திருப்பவர் எல்லாம் கணக்கில் அஞ்சு ஜி சந்தாதாரர். அந்தப் பேப்பரில் வந்த இருநூறு கோடியிலும் இந்தத் தெரு இருக்கிறது. ஆள் சேராமல் வெளுத்துக் கிடக்கிற இடத்துக்குத்தான் முதலில் புதுக் கருவி போடுவார்கள். இங்கேதான் பச்சை ஆகிவிட்டதே.

பிரபுதாஸ் குனிந்து மேப்பை இன்னொரு தடவை பார்த்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, வரும் வரும் என்று அவர் விற்ற ஒவ்வொரு சிம்மும் மேப்பில் ஒரு பச்சைப் புள்ளி வைத்திருக்கிறது. வர வேண்டியதை வரவிடாமல் தடுத்தவர் வேறு யாருமில்லை.

இந்த நேரத்தில் முன்வரிசை நாற்காலியிலிருந்து கிளாடிஸ் அம்மாள் கேட்டார்.

"அப்போ இந்தத் தெருவுல அஞ்சு ஜி வந்துடுச்சின்னுதானே பிரதர் மேனேஜரம்மா சொல்றாங்க?"

பிரபுதாஸ் மகளைப் பார்த்தார். பிளெஸ்ஸி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆங் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பொய்கூட இல்லை, கம்பெனி மேப்பே சாட்சி. தேதி குறித்துவிடுவார்கள். கல்யாணம் ஆன பிறகு சிக்னல் இல்லை என்று தெரிந்தால் யார் என்ன செய்துவிட முடியும்? பிரபுதாஸின் வாய் அதற்குத் தயாராகவே திறந்தது. முப்பது வருஷமாக அந்த வாய்க்கு வேறு பதில் தெரியாது.

ஆனால் மகள் முகத்தைப் பார்த்துவிட்டார். மாடியில் ஜெபசீலன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூலை மூலையாக அலைவதும், கம்பெனிக்காரன் திட்டுவதும், அந்தக் கோபத்துக்கெல்லாம் பிளெஸ்ஸி பதில் சொல்லிக்கொண்டு நிற்பதும் அவருக்குத் தெரிந்தது.

"இல்லீங்க சிஸ்டர்" என்றார். "வர்ல. பேருக்குத்தான் நாங்கல்லாம் கணக்குல இருக்கறோம். மலை மறைக்குது. எனக்கு இது ஆரம்பத்துலேர்ந்தே தெரியும். இப்போதைக்கு வராதுங்க."

வராது என்கிற சொல்லை அவர் வாயிலிருந்து ஓடைக்கரைத் தெரு அன்றுதான் முதலில் கேட்டது. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏமாந்தவர்கள் கத்த வேண்டும். யார் முதலில் கத்துவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்குள் டிரம்ஸ்காரர் குச்சியைக் கக்கத்தில் செருகிக்கொண்டு பிரபுதாஸிடம் வந்தார்.

"அண்ணே, எனக்கு ஒரு அஞ்சு ஜி சிம்மு போட்டுக் குடுங்களேன்."

"இப்பதான சொன்னேன், வராதுன்னு."

"வராட்டி போவுதுண்ணே. எல்லாரும் வெச்சிருக்காங்க இல்ல."

ஜமீல் பாய் மறுபடியும் டயரைத் தேடிப் போய் உட்கார்ந்தார். இந்தத் தடவை அவரோடு தெருவும் சிரித்துவிட்டது. பிரபுதாஸுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர் கிளாடிஸ் அம்மாளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். போகிறார், முடிந்தது, புனேதான் என்று பிரபுதாஸ் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணில் நீர் நிறைந்துவிட்டது.

"மாமா, நான் நெட்டுன்னுதானே கேட்டேன்" என்றான் ஜெபசீலன், தயங்கித் தயங்கி. "ஒயர் இழுத்துக்கலாமே. கேபிள்காரர் ஊர்லேர்ந்து மாடி வரைக்கும் குடுத்துடுவாரு. அஞ்சு ஜி நீங்களா சொன்னது."

தேவசுந்தரி பஜ்ஜித் தட்டை ஒரு சத்தத்தோடு கீழே வைத்தாள். "சிம்மு விக்கிறவன் வூட்டுல ஒயர் வந்தா மானம் போயிடுமாம் தம்பி. இத்தினி வருஷமா இதையேதான் சொல்லிகினு இருக்காரு."

பிரபுதாஸ் நிமிரவில்லை. போனாலும் போகட்டும், இழுத்துக்கொள்ளுங்கள் என்று முனகினார். கிளாடிஸ் அம்மாள் அவர் எதிரில் வந்து நின்றார்.

"ஒயரை விடுங்க பிரதர். அதை அன்னிக்கே இவன் என்கிட்ட சொன்னான். நான்தான் சும்மா இருடான்னேன். நீங்க இன்னா சொல்றீங்கன்னு பாக்கணும்னுதான் இத்தினி நாளா வெயிட் பண்ணேன்."

"என்னையா?"

"கவுண்டர்ல உக்காந்த காலம் பூரா, வண்டி வந்துகினே இருக்குதுன்னு நானே எத்தினி ஜனத்துக்குச் சொல்லியிருப்பேன். எந்த ஸ்டேஷன்ல கிடக்குதுன்னு எனக்கே தெரியாது. வராதுன்னு சொல்ல ஒருத்தருக்கும் வாய் வராதுங்க. என் பையன் வந்து இருக்கப்போற வூடு இது. நாளைக்கு அவன் நல்லா இருக்கானா இல்லையான்னு கேட்டா, உள்ளதைச் சொல்ற ஒரு ஆள் இந்த வூட்டுல வேணும். அது இருக்குது."

அங்கே பேனரைக் கழற்றிச் சுருட்டச் சொல்லி, அஞ்சு ஜி அதைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். வீட்டில் மாட்டுவாராம். அது யாருக்காக அடித்த பேனர் என்பதை அவரிடம் மட்டும் தெருவில் ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று பிரபுதாஸுக்கும் தோன்றவில்லை.

"சரி, தேதியைக் குறிங்க" என்றார் கிளாடிஸ் அம்மாள். "கல்யாணத்தை எங்க வெச்சிக்கலாம்? அரக்கோணமா, இங்கயா?"

பிரபுதாஸ் பேச வாயைத் திறந்தார். உடனே துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். கதவோரத்திலிருந்து, அதுவரை ஆன்ட்டி என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்த பிளெஸ்ஸிதான் பதில் சொன்னாள்.

"இங்கயே அத்தை. நம்ம ஊர்லயே."